நிற்பதா, உட்காருவதா - தீர்மானிப்பது யார்?

மேஜையடியில் வேலை செய்கிறவர் நின்றுகொண்டு செய்வது நல்லதா, உட்கார்ந்து செய்வது நல்லதா? இந்தக் கேள்வி சில வருஷங்களாகப் பெரிய இடங்களில் பலமாக அடிபட்டு வருகிறது. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது புகை பிடிப்பதைப் போலக் கெடுதலானது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அதற்காகவே புது மாதிரி மேஜைகள் வந்திருக்கின்றன. ஒரு பித்தானை அமுக்கினால் மேஜை மெல்ல உயரும். எழுந்து நின்று டைப் அடிக்கலாம். கால் வலித்தால் மறுபடி அமுக்கலாம். மேஜை தாழும், உட்கார்ந்து கொள்ளலாம். விலை பல ஆயிரம் ரூபாய். பெங்களூரிலும், சென்னைப் பழைய மாமல்லபுரம் சாலையிலும் சில கம்பெனிகள் இவற்றை வாங்கிப் போட்டிருக்கின்றன.

நமக்கு இதில் ஆட்சேபணை ஒன்றும் கிடையாது. கம்ப்யூட்டர் முன்னால் பத்து மணி நேரம் குனிந்திருந்து, கழுத்தும் இடுப்பும் பிடித்துக் கொண்ட இளைஞனும் உழைப்பாளிதான். அவனுக்கு ஒரு நல்ல மேஜை கிடைத்தால் நாம் சந்தோஷப்படுவோம்.

ஆனால் அதே சென்னையில் இன்னொரு மேஜை இருக்கிறது. அதன் மேலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. தியாகராய நகரிலும் புரசைவாக்கத்திலும், மதுரையிலும் திருநெல்வேலியிலும் உள்ள பெரிய ஜவுளிக்கடைகளில், பாத்திரக்கடைகளில், பல்பொருள் அங்காடிகளில் பில் போடுகிற மேஜை அது. அதன் பின்னால் பத்தொன்பது இருபது வயதுப் பெண் ஒருத்தி நிற்கிறாள். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு கதவை இழுத்துச் சாத்துகிற வரையில் நிற்கிறாள். அவளுக்கு மேஜை ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். ஒரு ஸ்டூல் போதும். பல கடைகளில் அது கிடையாது.

இரண்டு பேரும் செய்வது ஏறக்குறைய ஒரே காரியம்: திரையைப் பார்ப்பது, எழுத்துக்களைத் தட்டுவது. ஒருவருக்கு நிற்பது ஆரோக்கியம் என்று சொல்லி அதற்கான சாமான் விலைக்கு வாங்கித் தரப்படுகிறது. மற்றவருக்கு நிற்பதே வேலை நிபந்தனை. உட்கார்ந்தால் திட்டு, சில இடங்களில் அபராதம். அப்படியானால் இந்தச் சர்ச்சையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எப்போது நிற்பது, எப்போது உட்காருவது என்று தீர்மானிக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது?

மாடியில் அடுக்கிய ஸ்டூல்

சென்ற ஆடித் தள்ளுபடி சமயத்தில் தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் நாலு மாடி ஜவுளிக்கடைக்குப் போயிருந்தோம். வேட்டி ஒன்று எடுத்துக் கொண்டு பில் போட வந்தோம். வரிசை நீளம். மேஜைக்குப் பின்னால் நின்ற பெண் ஒரு காலை மாற்றி ஒரு காலில் பாரத்தைப் போட்டுக் கொண்டே தட்டிக் கொண்டிருந்தாள். நம் முறை வந்ததும், "உட்கார்ந்து போடக் கூடாதாம்மா?" என்று கேட்டோம்.

"ஸ்டூலு இருக்குண்ணே. மேல் மாடியில அடுக்கி வெச்சிருக்காங்க. ஆபீசர் வந்தா எடுத்துப் போடுவாங்க."

"நீயே ஒன்று எடுத்துப் போட்டுக் கொள்ள வேண்டியதுதானே?"

அவள் பதில் சொல்லவில்லை. கண்ணை மட்டும் மேலே காட்டினாள். கூரையில் கறுப்பாக ஒரு காமிரா. பில்லைக் கிழித்து நம் கையில் கொடுக்கும்போது தாழ்ந்த குரலில், "மைக்குலயே பேரைச் சொல்லிக் கூப்பிடுவாருண்ணே" என்றாள். அதற்குள் பின்னால் நின்றவர் பையை மேஜை மேல் வைத்து விட்டார்.

திருடனைப் பிடிக்க என்று சொல்லி மாட்டிய காமிரா. அது யாரைப் பார்த்துக் கொண்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்!

இந்தக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் கண்டுபிடித்து வைத்திருக்கிற உபாயங்களைக் கேட்டால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். புடவையை மடிப்பது போல அலமாரிக்குப் பின்னால் குந்துகிறார்கள். கீழே விழுந்த அட்டையைப் பொறுக்குவது போல ஒரு நிமிஷம் தரையில் உட்காருகிறார்கள். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக் கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்து விட்டு வருகிறவர்களும் உண்டு. கழிவறைக்கு எத்தனை முறை போனாய் என்பதற்கும் சில இடங்களில் கணக்கு. அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, மூத்திர எரிச்சலை வாங்கிக் கட்டிக் கொள்கிற பெண்களை நாம் அறிவோம். வசந்தபாலன் 2010-இல் எடுத்த 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்து ஊரே கண்ணீர் விட்டது. கண்ணீரைத் துடைத்துக் கொண்டு மறுநாளே அந்தத் தெருவுக்குத் துணி எடுக்கவும் போயிற்று.

வைத்தியர்கள் சொல்வது என்ன?

நிற்பதால் வரும் கெடுதலும் உட்காருவதால் வரும் கெடுதலும் நேற்றுத் தெரிந்த விஷயங்கள் அல்ல. இத்தாலி தேசத்து வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, 1700-ஆம் வருஷத்தில் தொழிலாளர்களின் வியாதிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வைத்தியன் கேட்கும் கேள்விகளோடு "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று சொன்னவர் அவர். நின்றே வேலை செய்கிறவர்களுக்குக் கால் நரம்பு புடைத்துச் சுருண்டு கொள்வதைப் பற்றி எழுதினார். நடப்பதைக் காட்டிலும் ஒரே இடத்தில் நிற்பது அதிகக் களைப்பைத் தருகிறது, சும்மா நிற்பது போலத் தோன்றினாலும் தசைகள் ஓயாமல் வேலை செய்து கொண்டிருக்கின்றன என்றும் விளக்கினார். 1713-இல் வந்த பெருக்கிய பதிப்பில் எழுத்து வேலை செய்யும் குமாஸ்தாக்களையும் சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே விதமாக அசைவது, மனம் இடைவிடாமல் கூர்ந்திருப்பது - இம்மூன்றும் அவர்களுடைய வியாதிகளுக்குக் காரணம் என்றார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் சொன்னது! இன்றைய கம்ப்யூட்டர் சிப்பந்திக்கு இதில் ஒரு வார்த்தையையும் மாற்ற வேண்டியதில்லை.

அடுத்து 1953. லண்டன் நகரத்து மாடி பஸ்களில் வேலை செய்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை ஜெரி மாரிஸ் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தார்கள். டிரைவர், கண்டக்டர் இருவரும் ஒரே ஸ்தாபனம், ஒரே பஸ், ஒரே விதமான குடும்பங்கள். ஆனால் மாரடைப்பு டிரைவர்களுக்கு அதிகம், கண்டக்டர்களுக்குக் குறைவு. டிரைவர் ஷிப்டு முழுவதும் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்கினார். தபால் இலாகாவிலும் அப்படியே: நடந்து தபால் பட்டுவாடா செய்தவரை விட ஆபீஸ் நாற்காலியில் இருந்தவருக்கு இருதய நோய் கூடுதல். பிறகு மாரிஸ் இன்னொரு வேலையும் செய்தார். பஸ் கம்பெனி தைத்துக் கொடுத்த உடுப்புகளின் அளவுக் கணக்கை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பு கண்டக்டர்களுடையதை விடப் பெரிதாக இருந்தது. தையல்காரனுடைய அளவு நோட்டிலிருந்தும் விஞ்ஞானம் கற்கலாம் என்பதற்கு இது அழகான உதாரணம்.

'பார்த்தீர்களா, நிற்பதுதான் நல்லது' என்று கடை முதலாளி இங்கே குதிக்கக் கூடும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். கண்டக்டர் நிற்கவில்லை, நடந்தார், படி ஏறினார், இறங்கினார். ஒரே இடத்தில் நட்ட கம்பம் போல நிற்பதன் பலன் என்ன என்பதைக் கனடா நாட்டு ஆராய்ச்சி ஒன்று காட்டியது. ஒன்டாரியோ மாகாணத்தில் சுமார் 7,300 உழைப்பாளர்களை 12 வருஷ காலம் தொடர்ந்து கவனித்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலும் நின்றே செய்யும் வேலையில் இருந்தவர்களுக்கு, பெரும்பாலும் உட்கார்ந்து செய்யும் வேலையில் இருந்தவர்களைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருதய நோய் கண்டது.

காரணம் சிக்கலானதல்ல. காலிலிருந்து இரத்தம் மேலே ஏற வேண்டுமானால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து பிழிந்து அனுப்ப வேண்டும். நடந்தால் அது நடக்கும். அசையாமல் நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கும், கால் வீங்கும், நரம்புகள் புடைத்து முடிச்சாகும், முற்றினால் கணுக்காலருகே தோல் கறுத்துப் புண்ணாகும். அசையாமல் உட்கார்ந்தாலோ முதுகெலும்பின் அடி வட்டுகளில் பாரம் விழுகிறது. சர்க்கரை வியாதி, இருதய வியாதி வரிசையில் வந்து நிற்கின்றன. ஆகவே நிற்பதும் குற்றமல்ல, உட்காருவதும் குற்றமல்ல. உடம்பு கேட்கும்போது மாற்றிக் கொள்ள விடாமல் ஒன்றிலேயே கட்டிப் போடுவதுதான் மனிதனைக் கெடுக்கிறது.

மேஜை வேலையை லேசாக நினைக்கிற நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தை எழுதி முடிக்கும் காலத்தில் உடம்பெல்லாம் கட்டிகள் கிளம்பி, உட்கார முடியாமல், படுத்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்தார். 1867-இல் ஏங்கெல்சுக்கு எழுதிய கடிதத்தில், தம்முடைய கட்டிகளை முதலாளிகள் ஆயுள் உள்ளவரை மறக்க மாட்டார்கள் என்று நம்புவதாக வேடிக்கையாகக் குறிப்பிட்டார். மறக்கவில்லை என்றே தோன்றுகிறது.

மரியாதை என்ற சாக்கு

கடை முதலாளிகளைக் கேட்டால் முதலில் சொல்லும் காரணம் மரியாதை. 'வாடிக்கைக்காரர் நிற்கும்போது சிப்பந்தி உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்?' என்கிறார்கள்.

இது நம் நாட்டு வழக்கமா? நம்மில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். பழைய ஜவுளிக்கடை எப்படி இருந்தது? தரையெல்லாம் மெத்தை, அதன் மேல் வெள்ளை விரிப்பு, சாய்ந்து கொள்ளத் திண்டு. முதலாளி உட்கார்ந்திருப்பார். துணி எடுத்துக் காட்டும் சிப்பந்தி உட்கார்ந்திருப்பார். செருப்பைக் கழற்றி விட்டு ஏறி, வாங்க வந்தவரும் உட்காருவார். கணக்கப்பிள்ளை ஒரு ஓரத்தில் சாய்வு மேஜையை முன்னால் இழுத்து வைத்துக் கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து பேரேடு எழுதுவார். கல்யாண ஜவுளி எடுக்கிற குடும்பம் அரை நாள் உட்கார்ந்து எடுத்து, காப்பி குடித்து விட்டுப் போகும். யாருக்கு என்ன மரியாதை குறைந்து விட்டது? இன்றைக்கும் பட்டுப்புடவை விற்கிற எத்தனையோ இடங்களில் உட்கார்ந்துதான் விரித்துக் காட்டுகிறார்கள். ஐரோப்பாவில் ஜெர்மனி போன்ற நாடுகளின் பேரங்காடிகளில் காசாளர் நாற்காலியில் உட்கார்ந்தே பில் போடுகிறார். அங்கே யாரும் அதை அவமரியாதையாக எடுத்துக் கொண்டு வாங்காமல் திரும்பிப் போவதில்லை.

அமெரிக்காவிலும் இந்த வாதம் நீதிமன்றம் வரை போனது. கலிபோர்னியாவில் மருந்துக்கடைக் காசாளரும் பாங்கிக் காசாளர்களும் நாற்காலி கேட்டு வழக்காடினார்கள். நின்று கொண்டு சேவை செய்வதுதான் எங்களுக்குப் பிடித்தம் என்றன கம்பெனிகள். அந்த மாநில உச்சநீதிமன்றம் 2016 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது: அந்த இடத்தில் செய்யும் வேலையின் தன்மை உட்கார இடம் கொடுக்குமானால் நாற்காலி தர வேண்டும், முதலாளியின் விருப்பம் மட்டும் ஒரு காரணமாகாது. உலகத்து முதலாளித்துவத்தின் தலைமைப் பீடத்திலேயே இந்தச் சாக்கு செல்லவில்லை.

அப்படியானால் இந்த 'மரியாதை' எங்கிருந்து வந்தது? கீழத்தஞ்சைக்காரர்களுக்கு விடை தெரியும். மிராசுதார் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பண்ணையாள் முற்றத்தில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு நிற்பான். உட்காருவது என்பது அந்தக் கிராமத்தில் களைப்பு ஆற்றிக் கொள்ளும் விஷயமாக இருக்கவில்லை. யார் எந்தச் சாதி, யார் எஜமான் என்று ஊருக்குக் காட்டும் விஷயமாக இருந்தது. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் வயல் வரப்பில் நடந்து சங்கம் கட்டி, 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் சவுக்கடியையும் சாணிப்பாலையும் ஒழித்தபோது, கூலியோடு சேர்ந்து நிமிர்ந்து நிற்பதும் எதிரே உட்காருவதும் அந்த மக்களுக்குக் கிடைத்தன. அந்தத் திண்ணைதான் இன்று குளிர்சாதனம் போட்ட நாலு மாடிக் கடைக்குள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. கிராமத்தை விட்டு ரயிலேறி வந்த கூலிக்காரன் மகள் அதன் எதிரே மறுபடி நிற்கிறாள். இவர்களில் மிகப் பலர் பட்டியல் சாதிகளையும் பிற்பட்ட சாதிகளையும் சேர்ந்தவர்கள் என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இரண்டாவது சாக்கு, உட்கார்ந்தால் வேலை மந்தமாகும் என்பது. இதற்கு முதலாளிகளின் சொந்த நிபுணர்களையே சாட்சிக்கு அழைக்கலாம். தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் அளந்து உற்பத்தியைப் பெருக்குவதற்கு வழி சொன்ன அமெரிக்கத் தம்பதி பிராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும், களைப்பைப் பற்றி 1916-இல் ஒரு நூல் எழுதினார்கள். அவர்கள் தொழிலாளர் தலைவர்கள் அல்ல. முதலாளிகளிடம் சம்பளம் வாங்கியவர்கள். மேஜையையும் நாற்காலியையும் ஒன்றுக்கொன்று பொருந்தும் உயரத்தில் செய்து, தொழிலாளி விரும்பினால் நின்றும் விரும்பினால் உட்கார்ந்தும் அதே வேலையைச் செய்ய வசதி பண்ண வேண்டும் என்பது அவர்கள் யோசனை. களைத்த கை தப்பு செய்யும். தப்பு நஷ்டம் தரும் - இவ்வளவுதான் அவர்கள் கணக்கு. நம்முடைய கடைக்காரர்கள் லாபக் கணக்கில் கூட நூறு வருஷம் பின்தங்கி இருக்கிறார்கள்.

சட்டம் வந்த விதம்

இங்கிலாந்தில் கடைச் சிப்பந்திகளுக்கு ஆசனம் தரும் சட்டம் 1899-இல் வந்தது. பெண்களுக்கு மட்டும், மூன்று பேருக்கு ஒரு ஆசனம். நம் நாட்டில் 1948 தொழிற்சாலைகள் சட்டம், 44-ஆவது பிரிவில், நின்று வேலை செய்ய வேண்டிய தொழிலாளர்கள் ஓய்வு கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு வேண்டும் என்று விதித்தது. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது; சட்டமும் வந்தது. கடைச் சிப்பந்திக்கு? தமிழ்நாட்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், நாலு மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர இடைவேளை என்றெல்லாம் அதில் சொல்லப்பட்டது. உட்காருவதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி சேருவதற்கு 74 வருஷம் ஆயிற்று.

அந்த வரியைச் சேர்க்க வைத்தவர்கள் கேரளத்துப் பெண்கள் என்று சொல்வது நியாயம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்து வந்த விஜி என்ற பெண்மணி, அங்குள்ள கடைப் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உண்டாக்கினார். முதல் கோரிக்கை கழிவறை. பிறகு நாற்காலி. எந்தப் பெரிய மத்திய சங்கத்தின் ஆதரவிலும் இல்லாமல் அமைப்புசாராத் தொழிலாளர் சங்கம் ஒன்றைக் கட்டினார்கள். திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடையின் பெண் சிப்பந்திகள், சங்கத்தில் சேர்ந்ததற்காக வெளியூருக்கு மாற்றப்பட்டதை எதிர்த்து 2014 டிசம்பர் கடைசியில் போராட்டம் துவக்கினார்கள். நூறு நாட்களுக்கு மேல் கடை வாசலில் உட்கார்ந்தார்கள். 'இரிக்கல் சமரம்' - உட்காரும் போராட்டம் - என்றே அதற்குப் பெயர். உள்ளே உட்கார விடாதவர்கள் வெளியே உட்காருவதைப் பார்க்க வேண்டியதாயிற்று. 2018-இல் கேரள இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் சட்டத்தைத் திருத்தியது.

தமிழ்நாட்டில் 2019 செப்டம்பர் 4-ஆம் தேதி மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழு இதே திருத்தத்தை ஏகமனதாக ஒப்புக் கொண்டது. அதன் பின் இரண்டு வருஷம் கழித்து, 2021 செப்டம்பரில் சட்டசபையில் மசோதா வந்து நிறைவேறியது. 22-ஏ என்ற புதுப் பிரிவு சேர்ந்தது. வேலை நேரத்தில் உட்காரக் கிடைக்கும் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக் கொள்ளும் விதத்தில் எல்லாச் சிப்பந்திகளுக்கும் தகுந்த ஆசன வசதி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல சட்டம். வரவேற்றோம். மூன்று பேருக்கு ஒன்று என்று இல்லாமல் எல்லாருக்கும் என்றும், பெண்களுக்கு மட்டும் என்று இல்லாமல் ஆண்களுக்கும் என்றும் இருக்கிறது.

ஆனால் ஒரு சொல் இருக்கிறது: 'சந்தர்ப்பம்'. இதில்தான் முதலாளி தலையை நுழைத்துக் கொள்கிறார். ஸ்டூல் வாங்கி விட்டேன், ரசீது இதோ, சந்தர்ப்பம் வந்தால் உட்காரட்டும் என்கிறார். சந்தர்ப்பம் வந்ததா இல்லையா என்று முடிவு செய்கிறவர் யார்? பிளோர் மேனேஜர். பண்டிகைக் காலத்தில் வாடிக்கைக்காரர் கூட்டம், சந்தர்ப்பம் இல்லை. கூட்டம் இல்லாத நாளில் தூசி தட்டு, அடுக்கு, மடி. அப்போதும் சந்தர்ப்பம் இல்லை. நமது கருத்தில் பில் மேஜைக்குச் 'சந்தர்ப்பம்' என்ற பேச்சே பொருந்தாது. பில் போடுவது உட்கார்ந்து செய்யக் கூடிய வேலை. முழு நேரமும் உட்கார்ந்து செய்யக் கூடிய வேலை. வாடிக்கைக்காரர் எதிரே இருக்கும்போதே உட்கார்ந்து செய்யலாம் என்று விதியில் தெளிவாக எழுத வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் சின்னதல்ல. இந்த மேஜைகளை நிற்கும் உயரத்துக்கே தச்சனிடம் சொல்லிச் செய்கிறார்கள். சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு வந்து போட்டால், உட்கார்ந்தவளின் முகவாய் மேஜைப் பலகையில் இடிக்கும். கை எட்டாது. 'நாற்காலி போட்டேன், அவர்களே உட்காருவதில்லை' என்று முதலாளி சொல்வதில் பாதி இந்தத் தந்திரம். மேஜை உயரத்துக்கு ஏற்ற உயர ஸ்டூல், முதுகு சாய ஒரு பலகை, கால் வைக்க ஒரு குறுக்குச் சட்டம் - இது இல்லாமல் ஆசன வசதி என்று எழுதிக் கொள்வது ஏமாற்று. இன்ஸ்பெக்டர்கள் ஸ்டூலை எண்ணிப் பார்த்தால் போதாது. உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கண்ணாடிக் கட்டடத்து நண்பர்களுக்கும் இதில் சொல்ல வேண்டியது இருக்கிறது. உங்கள் மேஜை ஏறி இறங்குகிறது. நீங்கள் எழுந்து பத்து நிமிஷம் உலாவி வர முடிகிறதா? எத்தனை அழைப்பு, எத்தனை டிக்கெட் முடித்தாய் என்று திரை கணக்கு எடுக்கிறதே, அது கடைக் கூரையில் இருக்கும் காமிராவின் தம்பி அல்லவா? பித்தான் உங்கள் கையில் இருக்கலாம். நேரம் உங்கள் கையில் இல்லை. பன்னிரண்டு மணி நேர வேலையை உட்கார்ந்து செய்தாலும் நின்று செய்தாலும் பன்னிரண்டு மணி நேரம்தான். 8 மணி நேரச் சட்டத்தைக் கடையிலும் கம்ப்யூட்டர் கம்பெனியிலும் அமல் நடத்தாமல் மேஜையை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் கூரைக்குச் சுவரில் வெள்ளையடிப்பது போல.

தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் சில காரியங்கள் நடக்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் கடைச் சிப்பந்திகள் சங்கத் தோழர்கள், எந்தத் தெருவில் எந்தக் கடையில் பில் மேஜைக்கு ஸ்டூல் இல்லை என்று பட்டியல் எடுத்துத் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். புகார் தந்த சிப்பந்தியின் பெயர் அதில் வர வேண்டாம். சங்கத்தின் பெயர் போதும். ஆய்வு பகல் 11 மணிக்கு முன்கூட்டிச் சொல்லி விட்டு நடக்கக் கூடாது. கூட்டம் நெரியும் மாலை 7 மணிக்கு மேல் நடக்க வேண்டும். உட்கார்ந்ததற்காகப் பிடித்தம் செய்த சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டும். துணி எடுக்கப் போகிற வாசகர்கள் பில் மேஜைக்கு வந்ததும், அந்தப் பெண் நிற்பதைப் பார்த்தால், மேனேஜர் காதில் விழும்படி, "உட்கார்ந்தே போடும்மா, நாங்கள் காத்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள். அவள் உடனே உட்கார்ந்து விட மாட்டாள். நாலு பேர், நாற்பது பேர் சொல்லட்டும். மாடியில் அடுக்கிய ஸ்டூல் எத்தனை நாள் மாடியிலேயே இருக்கிறது என்று பார்ப்போம்.